மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை: தீர்ப்புக்கு அப்பாலும் நீதி தேடியவர்

நீதிபதி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன உயர்ந்த இருக்கையும், கறுப்பு அங்கியும், அமைதி நிலவும் மன்றமுமே ஆகும். வழக்குரைஞர் வாதிட, சான்றாளர் சாட்சியம் கூற, இறுதியில் தீர்ப்பு வழங்கி எழுந்து செல்பவரே நீதிபதி என்று நாம் எண்ணுகிறோம். ஆயினும் மாலையில் மன்றம் கலைந்தபின் வீடு திரும்பும் அவரும் ஒரு மனிதரே. அன்று பகலில் அவர் செவியில் விழுந்த பொய்களும் மெய்களும், ஏழையின் கண்ணீரும், எழுத்தறியாதவரின் ஏமாற்றமும் அவரோடு சேர்ந்தே வீடு திரும்புகின்றன. அவற்றை என்ன செய்வது என்னும் வினாவுக்கு எந்தச் சட்டப் புத்தகமும் விடை கூறுவதில்லை. பலர் அவற்றை மறந்து உறங்கிவிடுவர். மிகச் சிலரே அவற்றை மனத்தில் தேக்கி, சமுதாயத்தின் பிணிக்கு மருந்தாக்கித் தருவர். அத்தகைய மிகச் சிலருள் ஒருவராகத் திகழ்ந்தவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை ஆவார்.

தமிழ்த்துறை மாணவர்களுக்கு அவர் பெயர் புதிதன்று. தமிழின் முதற் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர் என்று ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக அவரை நாம் அறிவோம். அந்த ஒரு வரி விடைக்குள் அடங்காத பெருவாழ்வு அவருடையது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் கல்வியும்

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலுள்ள குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மை. கத்தோலிக்கக் கிறித்தவ நெறியில் நின்ற குடும்பம் அது. இளமையில் ஊர்த் திண்ணைக் கல்வி பெற்ற அவர், பின்னர்த் திருச்சிராப்பள்ளி சென்று, அங்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக விளங்கிய தியாகப் பிள்ளை என்பவரிடம் ஆங்கிலமும் தமிழும் பயின்றார்.

ஆசிரியரே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அமைந்தது அவர் வாழ்வின் போக்கையே வகுத்துவிட்டது எனலாம். இரு மொழிகளுக்கு இடையே நின்று, ஒன்றில் சொல்லப்பட்டதை மற்றொன்றில் பிறழாமல் உரைப்பதே மொழிபெயர்ப்பாளரின் கடமை. ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவனது நிலம் போய்விடும்; ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். சொல்லுக்கு இத்துணை எடை உண்டு என்பதை இலக்கியத்தில் கற்பதற்கு முன்பே அவர் வழக்குமன்றத்தில் கற்றுக்கொண்டார்.

1848ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1850இல், மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். பின்னர் முன்சீப் தேர்வில் வெற்றி பெற்று, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்தார். அதன்பின் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். மாயூரத்தில் மட்டும் ஏறத்தாழ 13 ஆண்டுகள் அவர் நீதி வழங்கியமையால், அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டி நிலைத்துவிட்டது.

இங்கு அக்காலச் சூழலை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முன்சீப் பதவி என்பது உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் படிநிலையில் கீழ்ப்படியாகும். மேற்படிகளில் ஆங்கிலேயரே வீற்றிருந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றபோது அதில் இந்திய நீதிபதி ஒருவர்கூட இல்லை. தி. முத்துசாமி ஐயர் அவ்விருக்கையில் முதல் இந்தியராக அமர்ந்ததற்கு 1870களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வெம்பாக்கம் என்னும் பெயரைத் தம் பெயரின் முன் தாங்கி நம் செவிக்கு நெருங்கியவராகும் சர் வெம்பாக்கம் பாஷ்யம் ஐயங்கார் அம்மன்றத்தின் நீதிபதியாக விளங்கியது 1901 முதல் 1904 வரையிலான காலமாகும். ஆகவே வேதநாயகம் பிள்ளையின் காலத்தில் ஒரு தமிழர் எட்டக்கூடிய நீதிப்பதவியின் எல்லை குறுகியதே. அந்தக் குறுகிய இருக்கையில் இருந்துகொண்டே அவர் ஆற்றிய பணிகள்தாம் எல்லையைக் கடந்து நின்றன.

சட்டத்தைத் தமிழாக்கிய துணிவு

வழக்காடுவோர் தமிழர், சாட்சி சொல்வோர் தமிழர், விசாரிப்பவரும் தமிழர். ஆனால் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும் மேல்மன்றத் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. ஓர் உழவன் தன் நிலத்தின் மீதான உரிமை எந்த விதியால் நின்றது, எந்த விதியால் வீழ்ந்தது என்பதைத் தானே படித்தறிய வழியில்லை. அறிந்தவர் சொல்வதை அவன் நம்பவேண்டும். அவர் கேட்கும் பணத்தைக் கொடுக்கவேண்டும். அறியாமையின் மீது கட்டப்பட்ட இந்த வாணிகத்தை வேதநாயகம் பிள்ளை நாள்தோறும் தம் கண்முன்னே கண்டார்.

அவர் அதற்குக் கண்ட மருந்து மிக எளியது. ஆனால் செய்வதற்கு அரியது. 1805 முதல் 1861 வரை சென்னை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தைத் திரட்டி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் தமிழில் மொழிபெயர்த்து 1862இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தீர்ப்புகளைத் தமிழ் அறிந்த எவரும் படிக்கும்படி ஆக்கினார். சதர் நீதிமன்றம் மறைந்து உயர் நீதிமன்றம் பிறந்த அதே ஆண்டில் இந்நூல் வெளிவந்தது நினைக்கத்தக்கது. பழைய மன்றத்தின் அறிவு முழுவதையும் தமிழ் மக்களின் கையில் ஒப்படைத்ததுபோல் அமைந்தது அச்செயல்.

கலைச்சொல் அகராதிகள் இல்லாத காலம் அது. அரசு நல்கையோ மொழிபெயர்ப்புக் குழுவோ துணை நிற்கவில்லை. பகலெல்லாம் வழக்குக் கேட்ட ஒருவர் எஞ்சிய பொழுதில் இதனைச் செய்து முடித்தார். தமிழில் சட்ட நூல் எழுத இயலும் என்பதை மேடையில் முழங்காமல் அச்சில் மெய்ப்பித்தவர் அவர்.

இதே காலத்தில் வடநாட்டில் இதே போன்ற பணியில் ஈடுபட்டிருந்த மற்றொருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். அவர் உருது மொழியின் முதற் புதின ஆசிரியராகப் போற்றப்படும் டெபுடி நசீர் அகமது ஆவார். இந்தியத் தண்டனைச் சட்டம் உருதுவில் பெயர்க்கப்பட்டபோது அப்பணியில் பங்குகொண்டவர் அவர். டெபுடி கலெக்டராகப் பணியாற்றிய அவர், பெண் குழந்தைகளின் கல்வியை வலியுறுத்தி 1869இல் 'மிராத்துல் உரூஸ்' என்னும் புதினத்தை இயற்றினார். ஒருவர் தில்லியைச் சார்ந்த இஸ்லாமியர். மற்றவர் காவிரிக் கரையில் வாழ்ந்த கிறித்தவர். ஆயினும் இருவரும் நடந்த பாதை ஒன்றே: முதலில் சட்டத்தைத் தாய்மொழியில் பெயர்த்தல், பின்னர்ப் பெண்கல்விக்குக் குரல் கொடுத்தல், அதன்பின் உரைநடைக் கதை படைத்தல். மக்களின் துயரை அருகிருந்து கண்ட அலுவலர் இருவர், மதமும் மொழியும் வேறாயினும், ஒரே முடிவுக்கு வந்தனர் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

கைக்கூலிக்கு எதிரான குரல்

நீதிமன்றத்தின் முதற்பகை பொய்ச்சாட்சி என்பர். அதனினும் கொடிய பகை கைக்கூலி என்பது வேதநாயகம் பிள்ளையின் துணிபு. 1859இல் அவர் வெளியிட்ட 'நீதிநூல்' இதனைத் தனி அதிகாரமாக எடுத்துப் பேசுகிறது. கடவுள் வாழ்த்தில் தொடங்கி, அரசர், குடிகள், பெற்றோர், மக்கள், கணவன், மனைவி என ஒவ்வொருவர்க்கும் உரிய அறங்களை எளிய செய்யுள்களில் வகுத்துரைக்கும் நூல் அது. பின்வந்த பதிப்பில் அவர் மேலும் பாடல்களைச் சேர்த்து விரிவாக்கினார்.

அற நூல்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. திருக்குறளும் நாலடியாரும் ஔவையின் வாக்குகளும் இருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மற்றொரு நீதிநூல் எதற்கு என்று வினவலாம். பழைய நூல்கள் அரசனைப் பார்த்துப் பேசின. வேதநாயகம் பிள்ளையோ அலுவலரைப் பார்த்துப் பேசினார். புதிய ஆட்சியில் குடிமகனின் வாழ்வைக் கையில் வைத்திருந்தவன் முடிசூடிய மன்னன் அல்லன். மேசைக்குப் பின்னால் அமர்ந்த எழுத்தனும், சேவகனும், அதிகாரியுமே ஆவர். அவர்களது கை நீளும் இடத்தில் அறம் குறுகுகிறது என்பதை அதே மன்றத்தில் அமர்ந்திருந்த ஒருவர் எடுத்துரைத்தார் என்பதே அந்நூலின் தனிச்சிறப்பாகும். தம்முடன் பணியாற்றுவோரின் குற்றத்தைப் பாட்டாக்கி அச்சிடுவதற்குத் தூய கையும் அஞ்சாத நெஞ்சும் வேண்டும்.

கையூட்டுக் கொடுப்பவரையும் அதனைப் பெறுபவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருசேரக் கண்டித்தார்கள் என்பது நாம் அறிந்ததே. நீதியின்பால் உறுதியாக நிற்குமாறும், அது தமக்கோ, தம் பெற்றோர்க்கோ, உறவினர்க்கோ பாதகமாக இருப்பினும் உண்மைச் சான்று பகருமாறும் திருமறை பணிக்கிறது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கலீபா அளிக்க முன்வந்த காஜி பதவியை ஏற்க மறுத்துச் சிறைத் துன்பம் ஏற்றதாக வரலாறு பேசுகிறது. நீதிப்பதவி பெருமைக்குரிய அணிகலன் அன்று, நெருப்பின்மேல் நடப்பது என்னும் அச்ச உணர்வே அதற்குக் காரணம். அந்த அச்ச உணர்வைப் பதவியில் இருந்துகொண்டே இறுதிவரை இழவாதவராக வேதநாயகம் பிள்ளையைக் காண்கிறோம்.

புலவர் சூழல்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் வேதநாயகம் பிள்ளைக்கும் இருந்த நட்பு தமிழ் இலக்கிய வரலாற்றில் தனி இடம் பெற்றது. வேதநாயகம் பிள்ளை சீர்காழியில் முன்சீப்பாக இருந்தபோது, மகாவித்துவான் இயற்றிய 'சீகாழிக் கோவை' அங்கு அரங்கேறியது. நண்பரின் புலமையைப் பாராட்டி முன்சீப் பாடினார். நண்பர் முன்சீப்பின் மீதே 'குளத்துக்கோவை' என்னும் நூலை இயற்றினார். இறைவன் மீதும் வேந்தர் மீதும் வள்ளல்கள் மீதும் பாடப்பெற்று வந்த கோவை இலக்கியத்தை, ஒரு சைவப் பெரும்புலவர் ஒரு கிறித்தவ நீதிபதியின் மீது பாடினார். இருவருள் எவரும் தம் சமயத்தைச் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை, நட்பையும் விட்டுக்கொடுக்கவில்லை.

திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகருடனும் அவர் நெருங்கிய நட்புப் பூண்டிருந்தார். அவரைப் போற்றிச் செய்யுள்களும் இயற்றினார். மகாவித்துவானின் மாணவராகிய உ.வே. சாமிநாத ஐயர் தம் ஆசிரியரின் வரலாற்றிலும் தம் சுயசரிதத்திலும் இந்நட்பைப் பதிவு செய்துள்ளார். அதே மகாவித்துவானிடம் பாடம் கேட்டவர்களுள் நாகூர் குலாம் காதிறு நாவலரும் ஒருவர் ஆவார். சைவ ஆசானிடம் இஸ்லாமிய மாணவர் தமிழ் கற்க, அவ்வாசானின் உயிர் நண்பராகக் கிறித்தவ நீதிபதி விளங்கிய காலம் அது. சமய நல்லிணக்கம் என்னும் சொற்றொடர் அந்நாளில் இவ்வளவு வழக்கில் இல்லை. ஆனால் அச்சொல் குறிக்கும் பொருள் காவிரிக் கரையில் திண்ணைதோறும் வாழ்ந்திருந்தது.

பெண்கல்வி

பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று பெரியோரே வினவிய காலத்தில், 1870ஐ ஒட்டி அவர் 'பெண்மதி மாலை' என்னும் செய்யுள் நூலையும், பெண்கல்வி, பெண்மானம் ஆகியவை பற்றிய உரைநடைப் பகுதிகளையும் வெளியிட்டார். ஆணும் பெண்ணும் அறிவில் ஒரு நிகரே என்பதும், கல்லாமையே பெண்களின் துன்பத்துக்கு வேர் என்பதும் அவர் கருத்தாகும். பிற்காலத்தில் 1887இல் வெளிவந்த அவரது இரண்டாம் புதினமாகிய 'சுகுணசுந்தரி'யில் குழந்தை மணத்தின் தீமையையும் எடுத்துரைத்தார்.

இன்றைய நோக்கில் பார்க்கும்போது அவர் கருத்துகளுக்கு எல்லை உண்டு என்பதையும் ஒளிக்காமல் கூறுதல் வேண்டும். பெண்கல்வியின் பயனாக அவர் முதன்மைப்படுத்தியவை நல்ல இல்லறமும் கற்பு நெறியுமே ஆகும். அயலார் ஆட்சியின் நன்மைகளை அவர் மிகுத்துப் பேசினார் என்று ஆய்வாளர் கூறும் குறையும் முற்றிலும் தள்ளத்தக்கது அன்று. காலத்தின் எல்லைக்குள் நின்றுதான் எவரும் பேசமுடியும். ஆயினும் கதவு முழுவதும் அடைத்துக் கிடந்த காலத்தில் அதைச் சிறிது திறந்துவைத்தவரை, ஏன் முழுவதும் திறக்கவில்லை என்று மட்டும் கேட்பது முறையாகாது.

பஞ்சம் வந்தபோது

1872இல், 46ஆம் அகவை அளவில், அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மாயூரத்திலேயே தங்கி, நகரமன்றத் தலைவராகவும் தொண்டாற்றினார். நீதிமன்ற இருக்கை போனபின்பும் ஊர் மக்கள் அவரையே நாடி வந்தனர்.

அந்நிலையில்தான் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் வாய்மொழியில் நிலைத்திருப்பது அதுவே. மழை பொய்த்தது, விளைச்சல் அழிந்தது, தானிய விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. இந்தியாவில் அப்பஞ்சத்தில் மாண்டவர் தொகை 50 இலட்சத்துக்கும் மேல் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர்.

வேதநாயகம் பிள்ளை பெருஞ்செல்வர் அல்லர். ஓய்வு பெற்ற முன்சீப்பிடம் இருந்த பொருள் அளவானதே. அந்தப் பொருளை எடுத்துப் பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்க்கச் செலவிட்டார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையை நேரில் கண்டு, உள்ளம் உருகி அவரைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடினார். சிவனடியாராகிய அவ்விசைப்புலவர் மனிதரைப் பாடுபவர் அல்லர். அவரையும் பாட வைத்தது கஞ்சித் தொட்டியின் முன் நின்ற அந்த நீதிபதியின் கருணை.

பஞ்சத்தின் துயரையே பொருளாக்கி வேதநாயகம் பிள்ளை கீர்த்தனைகளும் பாடினார். 1878இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்னும் நூலின் பெயரே அவர் நெஞ்சைக் காட்டும். எந்தச் சமயத்தவரும் தயக்கமின்றிப் பாடத்தக்க வகையில் இறைவனைப் பொதுமையாக விளித்து அக்கீர்த்தனைகள் அமைந்துள்ளன. தம் சமயத்தார்க்காக வேறு நூல்களும் கீர்த்தனைகளும் இயற்றியவர் அவர். தம் நம்பிக்கையில் உறுதியாக நின்றுகொண்டே, பிறர் மனம் நோகாத பொதுமொழியையும் அவர் கண்டார். இறைவழுத்தோடு, உத்தியோகம் செய்வோர்க்கு உரிய அறிவுரையும், குடும்ப வாழ்வுக்கு உரிய நெறியும் அந்நூலில் கீர்த்தனைகளாக உள்ளன. அவற்றுட் சில இன்றும் இசை மேடைகளில் பாடப்பெறுகின்றன.

முதற் புதினம்

1876இல் எழுதப்பெற்று 1879இல் அச்சேறிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழ் உரைநடை வரலாற்றின் திருப்புமுனை ஆகும். தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவில் இல்லாத குறையை நீக்குவதே தம் நோக்கம் என்று ஆசிரியர் அதன் முன்னுரையில் தெரிவித்துள்ளார். கதைத் தலைவன் பிரதாபன் என்றாலும், நூலின் உண்மையான தலைமை ஞானாம்பாள் என்னும் பெண்ணுக்கே உரியது. அறிவிலும் துணிவிலும் கணவனை விஞ்சி நிற்பவள் அவள். ஆண் வேடம் பூண்ட நிலையில் விக்கிரமபுரியின் அரசுரிமை அவளை வந்தடைகிறது. சொல்லின் பொருளைத் திரித்து வழக்காடும் வஞ்சகரை, அவர்தம் சொல்லின் நுட்பத்தாலேயே மடக்கி அவள் நீதி வழங்குகிறாள். பெண்கள் நீதிமன்றப் படியேறவே அஞ்சிய காலத்தில், ஒரு முன்சீப் தம் கற்பனையில் பெண் ஒருத்தியை நீதி வழங்கும் இருக்கையில் அமர்த்தினார் என்பதை நம் மாணவியர் சிறப்பாக எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

அப்புதினத்தில்தான் நீதிமன்ற மொழி பற்றிய அவரது கருத்தும் இடம்பெறுகிறது. தமிழ் நாட்டில், தமிழ் அறிந்த நீதிபதியின் முன்னே, தமிழ் வழக்குரைஞர் தமிழ்க் கட்சிக்காரருக்காக ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை அவர் எள்ளி நகையாடுகிறார். கட்சிக்காரனோ தன் உயிரும் உடைமையும் பற்றிப் பேசப்படுவது என்னவென்று அறியாமல் ஊமைபோல் நிற்கிறான். இதனைக் கற்பனை என்று கூறுவதற்கில்லை. தாம் பல்லாண்டு கண்டதையே அவர் கதையில் வடித்தார்.

புதின இலக்கியத்தின் தோற்றத்தில் நீதித்துறையினர் பெற்ற இடம் வியப்பளிப்பதாகும். வங்கப் புதினத்தின் தந்தையாகக் கருதப்படும் பங்கிம் சந்திரர் டெபுடி மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். மலையாளத்தில் 1889இல் 'இந்துலேகா' எழுதிய சந்து மேனன் முன்சீப்பாக இருந்தவர். தமிழில் 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் புதினத்தை எழுதி, இஸ்லாமியத் தமிழுக்குப் பெருமை சேர்த்த இலங்கைக் கண்டியின் சித்திலெப்பை ஒரு வழக்குரைஞர். 'முஸ்லிம் நேசன்' இதழை 1882இல் தொடங்கிச் சமுதாயத்தைத் தட்டி எழுப்பியவரும் அவரே. ஆங்கில நாட்டிலும் புதின முன்னோடியாகிய ஹென்றி பீல்டிங் இலண்டனில் மாஜிஸ்திரேட்டாக விளங்கினார்.

இது தற்செயல் என்று தோன்றவில்லை. அரண்மனையில் வளர்ந்தது செய்யுள். நீதிமன்றத்தில் ஒலித்தது உரைநடை. அங்கு மன்னரும் தெய்வமும் பேசவில்லை. கடன் வாங்கியவனும், பாகம் பிரித்தவனும், கைம்பெண்ணும், கூலியாளும் தத்தம் பேச்சில் தத்தம் கதையைக் கூறினர். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய செவிக்கே புதினத்தின் வடிவம் எளிதில் வசப்படும். நெசவாளர் நிறைந்த நம் ஆரணி வட்டாரத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பாவு ஒரு திசையிலும் ஊடை மறு திசையிலும் ஓடினால்தான் சேலை உருவாகும். வாதியும் பிரதிவாதியும் எதிரெதிராக இழுக்கும் இழைகளில் மனித வாழ்வின் நெசவைக் கண்டவர் வேதநாயகம் பிள்ளை.

அவருக்குப் பின்

மாயூரம் முன்சீப் 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் தொடங்கிவைத்த மரபு அவரோடு முடியவில்லை. நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியவர். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக இருந்து, கம்பனின் கவிதையை நீதிபதியின் கூர்மையோடு ஆராய்ந்து நூல்கள் பல எழுதி, 2005இல் மறைந்தார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய பஷீர் அகமது சயீத் முஸ்லிம் பெண்களின் உயர்கல்விக்காகச் சென்னையில் கல்லூரி கண்டார். ஒருவர் வேதநாயகம் பிள்ளையின் தமிழ்ப்பற்றுக்கும், மற்றவர் அவரது பெண்கல்வி வேட்கைக்கும் வழித்தோன்றல்கள் போல விளங்கினர்.

ஆனால் அவர் எழுப்பிய வினா ஒன்று இன்னும் முழுமையாக விடைபெறவில்லை. 1956ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும், 1976இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்தன. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வழக்குமொழியாக வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியது. அது இன்னும் நிறைவேறவில்லை. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடும் பணியை 2019இல் தொடங்கியது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. கணினியும் மொழிபெயர்ப்பாளர் குழுவும் துணைநிற்க இன்று நடைபெறும் அப்பணியை, 1862இல் ஒரு முன்சீப் விளக்கொளியில் தனியே அமர்ந்து தொடங்கிவைத்தார் என்பதை எண்ணும்போது நம் தலை தானே தாழ்கிறது.

நிறைவுரை

வேதநாயகம் பிள்ளை வழங்கிய தீர்ப்புகளால் எத்தனையோ நிலங்கள் உரியவர் கைக்குச் சென்றிருக்கலாம். எத்தனையோ கடன்கள் தீர்ந்திருக்கலாம். அத்தீர்ப்புகளை இன்று நினைவில் வைத்திருப்பார் எவருமில்லை. வாதியும் பிரதிவாதியும் மண்ணாகிப் போயினர். மன்றம் கலைந்தபின் அவர் செய்தவையே நிலைத்து நிற்கின்றன.

நம் மாணவர்களுள் சிலர் நாளை வழக்குரைஞராகலாம், நீதிபதியாகலாம், அரசு அலுவலில் அமரலாம். தறியின் ஓசையில் வளர்ந்த வீட்டிலிருந்தும், வயலின் சேற்றிலிருந்தும் அவர்கள் அவ்விடத்துக்குச் செல்வார்கள். அந்நாளில் தம் மேசையின் முன் ஓர் எளியவர் மனுவைக் கையில் ஏந்தி, அதில் எழுதியிருப்பது என்னவென்று அறியாமல் நிற்பதைக் காண நேரும். அப்பொழுது மாயூரம் முன்சீப்பை நினைத்து, அதனை அவருக்குத் தமிழில் பொறுமையாக விளக்கிச் சொல்வார்களாயின், அதுவே அப்பெரியாருக்கு நாம் எடுக்கும் உண்மையான விழாவாகும். அதற்கான நல்லறிவையும் நெஞ்சுறுதியையும் எல்லாம் வல்ல இறைவன் நம் இளைஞர்க்கு அருள்வானாக.